டிடிஎஃப் மெசினுக்கு ஹெட் கிளீனிங் மட்டும் போதுமா?

கேள்வி, 2025 ஜனவரி 18, மல்லாவி வாசகர்

டிடிஎஃப் மெசின் வாங்கி நாலு மாதம், பிலிமில் படம் அடித்து, ஒட்டுப் பவுடர் தூவி அடுப்பில் உருக்கி, ஹீட் பிரஸ்ஸால் ரீசேர்ட்டில் ஒட்டுகிற பிரிண்டர். காலையில் கடை திறந்ததும் ஒரு ஹெட் கிளீனிங், இரவு பூட்டும்போது இன்னொன்று. இதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை. மெசின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பராமரிப்பு, பராமரிப்பு என்று எல்லோரும் வெருட்டுவது சாமான் விற்கத்தான் என்று நினைக்கிறேன். பிழையென்றால் சொல்லுங்கள்.

ஜனவரி 18, இரவு

பிழை.

ஜனவரி 19

நேற்றுக் கடை பூட்டுகிற அவசரத்தில் ஒற்றைச் சொல்லோடு விட்டுவிட்டேன். தம்பி கோபிக்க வேண்டாம். புதுக்குடியிருப்பில் மூன்று வருடமாக எனக்கும் இதுதான் தொழில். முதலில் எப்சன் எல்1800 என்ற கடதாசிப் பிரிண்டரை மாற்றிக் கட்டிய மெசின். இப்போது இங்க்கைத் தெளிக்கிற ஹெட், எக்ஸ்பி600 வகை, இரண்டு போட்டது, கலருக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. முதல் மெசின் எப்படிச் செத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், இன்றைக்கு மனமில்லை.

ஹெட் கிளீனிங் பட்டனை அமத்தினால் உள்ளே நடப்பது இவ்வளவுதான்: ஹெட் போய்க் கப்பின்மேல், அதை மூடிவைக்கிற சின்னக் கிண்ணத்தின்மேல், உட்காரும். கீழே உள்ள பம்ப் சுற்றும். ஹெட்டின் ஓட்டைகள் வழியாக இங்க்கை உறிஞ்சி வேஸ்ட் போத்தலுக்கு அனுப்பும். கப்பின் றப்பர் விளிம்பு சுத்தமாக இருந்தால் உறிஞ்சுவது இங்க்கை. விளிம்பில் காய்ந்த இங்க் ஒட்டியிருந்தால் அந்த இடுக்கால் காற்றுத்தான் வரும். வெடித்த ஸ்ட்ரோவால் இளநீர் குடிப்பது மாதிரி. அதற்குப் பிறகு பத்துத் தரம் அமத்தினாலும் பம்ப் சத்தம்தான் மிச்சம்.

உம்முடைய மெசின் ஓடுவதற்குக் காரணம் பட்டன் இல்லை, தை மாதம். பாடசாலைகளுக்கு இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது, நாள் தவறாமல் ரீசேர்ட் அடிக்கிறீர், இங்க் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலை குறையட்டும், அப்போது பாரும்.

என் காலை வேலை: வெள்ளை இங்க் போத்தலை எடுத்து நன்றாக அடித்துக் குலுக்குவேன். பிறகு கப்பின் விளிம்பையும், ஹெட்டின் அடியை வழிக்கிற வைப்பரையும் கிளீனிங் லோஷனில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைப்பேன். பிறகு நொசில் செக், அதாவது எல்லா ஓட்டையும் அடிக்கிறதா என்று கோடு கோடாக ஒரு துண்டு அடித்துப் பார்ப்பது. கோடுகள் முழுதாக வந்தால் கிளீனிங் அடிப்பதே இல்லை. விடுபட்டால் ஒன்று. இரவில் கப்புக்குள் நாலைந்து சொட்டு லோஷன் விட்டுவிட்டு ஹெட்டை அதன்மேல் இருத்துவேன். மொத்தம் பத்து நிமிடம்.

பஞ்சுக்குச்சி என்றதும் பார்மசியில் காது குடைய விற்பதை எடுத்துவிடாதீர்கள். அதன் நார் கழன்று கப்பில் ஒட்டும். தும்பு கழலாத நுரைக் குச்சி தனியாக விற்கிறது.

ஜனவரி 21

கப் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஹெட்டை ஒதுக்கிவிட்டுக் கப் நிறைய லோஷன் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். தானாக இறங்கினால் கீழே ரியூப் கழன்றிருக்கிறது, இல்லாவிட்டால் பம்ப் பிடிக்கவில்லை. நின்றதா? இப்போது பம்ப்பை ஓட விடுங்கள், அவ்வளவும் சட்டென்று இறங்க வேண்டும். தேங்கி நின்றால் ரியூப் அடைத்திருக்கிறது.

இரண்டிலும் தேறிய கப்பும் விளிம்பு தேய்ந்திருந்தால் பயனில்லை. விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நல்ல விளிம்பு புதுச் செருப்பு மாதிரி மெத்தென்று இருக்கும். பழையது ஒரு பக்கம் தட்டையாகி, வழுவழுவென்று. கப்பின் விலை ஹெட்டின் விலையில் ஒரு துண்டு. ஹெட்டின் விலைக்கு இங்கே நல்ல கிடாய் இரண்டு வாங்கலாம்.

ஜனவரி 27

இதற்கும் மெசினுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சிவப்பு ஜேர்சியில் அடித்த வெள்ளை எழுத்து அடுத்த நாள் ரோஸ் நிறமாக மாறுவது ஹெட்டின் குற்றமோ இங்க்கின் குற்றமோ அல்ல. ஜேர்சி பொலியெஸ்டர். சூடு கூடினால் துணியின் சாயம் ஆவியாகிக் கிளம்பி வெள்ளைக்குள் ஏறும். பருத்தியில் 160 பாகை வைக்கிற கையால் ஜேர்சிக்கும் வைக்காதீர்கள், குறையுங்கள். சாயத்தை மறிக்கிற கறுப்புப் பவுடரும் இருக்கிறது. போன வருடம் ஒரு பாடசாலையின் சிவப்பு இல்லம் முழுவதற்கும் ரோஸ் எழுத்தில் கொடுத்து, அதிபரிடம் வாங்கிக் கட்டிய பிறகு படித்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

கரண்ட் இல்லை. இலங்கை முழுக்க இல்லையாம். நேரம் பதினொன்றரை தாண்டியிருக்கும், ஒரு மீற்றர் பிலிமில் பாதி அடித்திருந்தேன், ஹெட் நட்டநடுவில் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் இருக்கும்வரை எழுதுகிறேன்.

இப்படி நின்றால் செய்ய வேண்டியது: மெயின் சுவிச்சை நிறுத்துங்கள், கரண்ட் திடீரென்று வந்தால் அது வேறு கூத்து. ஹெட்டைக் கையால் மெதுவாகக் கப் இருக்கும் பக்கம் தள்ளுங்கள். என் மெசினில் கப்பை மேலே ஏற்ற மோட்டர் வேண்டும், கரண்ட் இல்லாமல் அது வராது. பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தை விரலால் சுற்றி ஏற்றினேன். வெளிச்சம் பிடிக்க மகள். அவள் கையில் ரோர்ச், வாயில் கச்சான்.

பெப்ரவரி 10

கொழும்புக்குத் தெற்கே பாணந்துறைப் பக்கம் உபமின்நிலையத்தில் குரங்கு ஏறியதாம், அமைச்சரே சொல்லியிருக்கிறார். வன்னியில் இருந்துகொண்டு குரங்கை நாங்கள் திட்ட முடியாது, தினமும் கூரையில் நடக்கிறது. ஆனால் பாணந்துறைக் குரங்கால் புதுக்குடியிருப்பில் ஹெட் காயும் என்று யார் கண்டது?

மாலையில் கரண்ட் வந்து நொசில் செக் எடுத்தேன். கலரில் ஒன்றும் குறையவில்லை. வெள்ளையில் ஏழு கோடு இல்லை. ஒரு கிளீனிங் அடித்து, அரை மணித்தியாலம் விட்டு, மறுபடி எடுத்தேன். இரண்டு கோடுதான் இன்னும் வரவில்லை. இரவு முழுக்க ஈரக் கப்பில் இருந்துவிட்டு, இன்று காலை முழுதாக வந்தது. பற்சக்கரத்தைச் சுற்றியிராவிட்டால் இந்த எழுத்தின் தொனி வேறாக இருந்திருக்கும்.

யூபிஎஸ் போடுங்கள். மெசினுக்கு மட்டும். ஹீட் பிரஸ்ஸையும் பவுடர் அடுப்பையும் அதில் மாட்டாதீர்கள், சூடாக்குகிற சாமான் இழுக்கிற கரண்டுக்குச் சின்ன யூபிஎஸ் ஒரு நிமிடமும் நிற்காது. உங்களுக்குத் தேவை ஹெட் வீடு திரும்பிக் கப்பில் உட்காருகிற நேரம் மட்டும்தான்.

பெப்ரவரி 23

திருத்தம். ஜனவரி 19இல் வெள்ளையை “நன்றாக அடித்துக் குலுக்குவேன்” என்று எழுதியிருந்தேன். நெடுங்கேணி அண்ணை ஒருவர் தனியாக எழுதிச் சரியாகத் திட்டியிருக்கிறார். அடித்துக் குலுக்கினால் நுரைக்கும். நுரை ரியூப்பில் ஏறும். ரியூப்பில் ஏறிய குமிழ் டம்பருக்கு, ஹெட்டுக்கு மேலே இருக்கிற சின்ன இங்க் பெட்டிக்கு, வரும், டம்பரில் இருந்து ஹெட்டுக்கு. பிறகு அடைப்பு என்று நினைத்து நாங்கள் கிளீனிங் அடிப்போம்.

நான் குலுக்கிவிட்டு அரை மணித்தியாலம் விட்டுத்தான் ஊற்றுவேன், அதனால் தப்பியிருக்கிறேன் போல. ஆனால் அதை எழுதவில்லை. எழுதாததைப் படிக்கிறவர் எப்படிச் செய்வார்? ஆகவே: போத்தலைச் சரித்து, நிமிர்த்தி, குழந்தையைத் தாலாட்டுகிற வேகத்தில் பத்துப் பதினைந்து தரம். ராங்குக்குள் இங்க்கைக் கலக்குகிற மோட்டர் இருந்தால் அதை ஓட விடுங்கள். என் மெசினில் வெள்ளையைச் சுற்றிவர விடுகிற சின்னப் பம்ப் இருக்கிறது. ஆனால் அது ரியூப்புக்குள் இருப்பதைத்தான் சுற்றும், போத்தலின் அடியில் படிந்ததை அல்ல.

ஏன் வெள்ளைக்கு மட்டும் இத்தனை செல்லம் என்று கேட்பவர்களுக்கு: வெள்ளையில் இருப்பது டைட்டானியம் டையொக்சைட், சுவருக்குப் பூசும் வெள்ளைப் பெயின்றிலும் அதுதான். தண்ணீரைவிட நாலு மடங்குக்கு மேல் பாரம். அரிசி கழுவிய தண்ணீரைச் சட்டியில் விட்டுவைத்தால் அடியில் என்ன நிற்கும்? அதேதான். அம்மா அந்தப் போத்தலைப் “பால்” என்றுதான் சொல்லுவா. “பிள்ளையளுக்கு இப்பிடி நேரத்துக்குப் பால் குடுத்தனியே” என்று ஒரு நாள் கேட்டா.

மார்ச் 2

வயல் வெட்டு. கடைக்குப் பின்னால் மூன்று நாளாக வெட்டு மெசின் ஓடுகிறது, உமித்தூசி மேசையெல்லாம். வைப்பரில் ஒரு சுணை ஒட்டியிருந்தது, கண் இமை மயிரைவிட மெல்லியது. அது ஹெட்டின் அடியில் இங்க்கை இழுத்துக்கொண்டு போய் மஞ்சளுக்குள் கறுப்பைப் பூசிவிட்டது. நான் டம்பரைக் கழற்றிக் கழுவி, இரண்டு மணித்தியாலம் வீணாக்கிய பிறகுதான் கண்டேன். முதலில் வைப்பரைப் பாருங்கள். எப்போதும் முதலில் வைப்பர்.

மார்ச் 16

வவுனியா அக்காவின் கேள்வி: லோஷன் முடிந்துவிட்டது, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கப்பில் விடலாமா?

கூடாது அக்கா. உங்கள் கேத்தலின் உள்பக்கத்தைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்கள் கிணறுகளில் அவ்வளவு சுண்ணாம்பு. கொதித்தால் கிருமி சாகும். கேத்தலில் படிந்தது போக மிச்சக் கல் தண்ணீரிலேயே நிற்கும். மயிரைவிடச் சின்ன ஓட்டைகள், ஒரு ஹெட்டில் 6 வரிசை, வரிசைக்கு 180, மொத்தம் 1080. அதற்குள் கேத்தல் படிவைக் கொண்டுபோய் விடுவதா?

அவசரத்துக்கு நான் பாவிப்பது வாகன பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர், எந்தக் கராஜிலும் கிடைக்கும். கல் இல்லாத தண்ணீர்.

மார்ச் 17

மேலே உள்ளதைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். பற்றறித் தண்ணீர் வெளியே துடைக்க மட்டும்: கப்பின் விளிம்பு, வைப்பர், மெசினின் அடித்தட்டு. ஹெட்டுக்குள் விடாதீர்கள், இரவு ஊற வைக்கவும் வேண்டாம். இங்க்கில் காயாமல் காக்கிற சாமான்கள் கலந்திருக்கும். வெறும் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் அந்தக் கலவை குழம்பும், வெள்ளை திரியவும் கூடும். இன்னொன்று, பற்றறிக்கு ஊற்றும் அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில்தான் வருகிறது. எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

ஏப்ரல் 6

சிரிஞ்சால் ஹெட்டைக் கழுவுவது எப்படி என்று கேட்டிருக்கிறார் கிளிநொச்சித் தம்பி. சரி, முதல் மெசினின் மரணச் செய்தியைச் சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது.

2023. வேலையில்லாத வைகாசி. எல்1800இல் வெள்ளை ஒரு வரிசை முழுதாக நின்றுவிட்டது. யூரியூப்பில் பார்த்து, சிரிஞ்சில் லோஷன் எடுத்து, ரியூப்பை மாட்டி அமத்தினேன். போகவில்லை. கொஞ்சம் பலமாக அமத்தினேன். ரியூப் கழன்று சீறியது. ஹெட்டின் தலையில் வெள்ளை ரிபன் மாதிரி ஒரு வயர் போகும், லோஷன் அதன் சொக்கெற்றுக்குள் இறங்கிவிட்டது. நான் மெசினை நிறுத்தியிருக்கவில்லை. சின்னதாக ஒரு “டிக்”. புகைகூட வரவில்லை. ஹெட்டும் போர்டும் ஒரே நேரத்தில் போய்விட்டன.

ஆகவே, கழுவத்தான் வேண்டுமென்றால்: சுவிச்சை நிறுத்தி, பிளக்கையும் கழற்றி, ரிபன் வயருக்கு மேல் ரிசுக் கடதாசி சுற்றுங்கள். சிரிஞ்சை அமத்தாதீர்கள், லோஷன் தன் பாரத்தில் இறங்கட்டும். இறங்காவிட்டால் ஊற விட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடியுங்கள். தண்டை அமத்துகிற விரலுக்கு ஹெட்டின் உள்ளே இருக்கிற மெல்லிய தகட்டைத் தெரியாது. எல்லாம் முடிந்து, ரிபன் காய்ந்ததை உறுதி செய்த பிறகுதான் கரண்ட்.

என்னைக் கேட்டால், சிரிஞ்சை எடுக்கும் நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. ஆனால் அதைச் சொன்னால் தம்பிக்குக் கோபம் வரும், அவர் இப்போது சிரிஞ்சோடு நிற்கிறார்.

ஏப்ரல் 8

கிளிநொச்சித் தம்பிக்கு மூன்று கோடு திரும்பியிருக்கிறது. மிச்சத்தை விடச் சொன்னேன். இரண்டு கோடு குறைந்தாலும் ரீசேர்ட்டில் கண்ணுக்குத் தெரியாது. முழுதாக்கப் போய் முழுதையும் இழக்காதீர்கள்.

மே 25

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இளைஞர் கழகங்கள் ரீசேர்ட் கேட்டு வருகின்றன, மெசின் நிற்க நேரமில்லை, ஆகவே நொசில் செக் எல்லாம் தங்கம்.

நொசில் செக் படிப்பது பற்றி ஒன்று. வெள்ளைக் கோடு பிலிமில் தெரிவதில்லை என்று குறைப்படுகிறவர்கள், போனை நிறுத்தி அந்தக் கறுப்புக் கண்ணாடியின் மேல் பிலிமை வையுங்கள். ஒவ்வொரு கோடும் எண்ணலாம்.

அடுத்தடுத்து இரண்டு செக் எடுங்கள். அதே இடத்தில் அதே கோடு இல்லையென்றால் அடைப்பு. ஒரு முறை இங்கே, மறுமுறை அங்கே என்று இடம் மாறினால் அடைப்பில்லை, காற்று. கிளீனிங் அடித்தால் இன்னும் காற்றைத்தான் இழுப்பீர்கள், மெசினைச் சும்மா விடுங்கள். செக் முழுதாக வந்து, பெரிய படம் அடிக்கும்போது போகப்போக வெள்ளை மங்கினால் இங்க் வந்து சேரவில்லை. டம்பருக்குள் ஒரு சல்லடை இருக்கிறது, வெள்ளையில் அதுதான் முதலில் அடைக்கும். நான் வெள்ளை டம்பரை மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், கலரை அதன் பாதித் தரம்கூட மாற்றுவதில்லை.

ஜூன் 22

சோழகம், அதுதான் தென்மேற்குக் காற்று, பெயர்ந்துவிட்டது. காலை பத்து மணிக்கே கிரவல் ரோட்டுப் புழுதி கடைக்குள். கொடியில் போட்ட சாரம் முக்கால் மணித்தியாலத்தில் காய்கிறது, ஹெட் மட்டும் காயாமல் இருக்குமா?

சந்தையில் விற்கிற சின்ன ஈரப்பத மீற்றர் ஒன்று வாங்கி மெசினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மெசின் கேட்பது 40க்கும் 60 வீதத்துக்கும் இடையில். இன்று மத்தியானம் 38. பரந்த வாய்ப் பேசினில் தண்ணீர் ஊற்றி மெசினுக்குக் கீழே வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் 44. ஏசி வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏசி காற்றை இன்னும் உலர்த்தும், பேசின் போதும்.

புது வருத்தம்: பவுடர் போடும்போது படமில்லாத வெறும் பிலிமிலும் ஒட்டுகிறது. தட்டினாலும் விழவில்லை. பிரஸ் பண்ணினால் எழுத்தைச் சுற்றி மணல் தூவின மாதிரி. காய்ந்த காற்றில் பிலிம் உரசி மின் ஏறுகிறது. தலை இழுத்த சீப்பில் கடதாசித் துண்டு ஒட்டுகிற விளையாட்டுத்தான். நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பிலிம் வருகிற இரும்புத் தட்டைத் துடைத்தேன், பேசினையும் வைத்தேன். நின்றுவிட்டது.

ஜூலை 6

பாலைப்பழம் தின்ற கையோடு மெசினைத் தொடாதீர்கள். பகிடி இல்லை. மச்சான் ஒரு பை பாலைப்பழத்தோடு வந்து, பேசிக்கொண்டே மெசினின் மூடியைத் திறந்து “இது என்ன பிளாஸ்ரிக் நாடா” என்று தடவினார். ஹெட் ஓடுகிற பாதை நெடுகக் கட்டியிருக்கிற அந்தக் கண்ணாடி நாடாவில் மயிரிழைக் கோடுகள் இருக்கின்றன. ஹெட் தான் எங்கே நிற்கிறது என்பதை அதைப் படித்துத்தான் அறியும். பாலைப்பழப் பால் எப்படி ஒட்டும் என்று வன்னியில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹெட் அந்த இடத்துக்கு வந்ததும் வழி தெரியாமல் ஓரத்தில் போய் இடித்தது.

தும்பு கழலாத துணியைப் பற்றறித் தண்ணீரில் லேசாக நனைத்து, இழுக்காமல், இரண்டு விரலுக்கு இடையில் மெதுவாகத் துடைத்தேன். தின்னரோ ஸ்பிரிற்றோ போடக் கூடாது, கோடுகளே அழிந்துவிடும். புழுதிக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை இதைத் துடைக்கத்தான் வேண்டும், மச்சான் வராவிட்டாலும்.

ஜூலை 20

ஜனவரியில் இருந்து நொசில் செக் துண்டுகளை சிஆர் கொப்பியில் (கெட்டி மட்டைக் கொப்பி) திகதி போட்டு ஒட்டி வருகிறேன், கறுப்புக் கடதாசி ஒட்டி அதன்மேல். நேற்று இரவு சும்மா புரட்டிப் பார்த்தேன்.

தை, மாசி: ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ரீசேர்ட். குறைந்த கோடு அநேகமாக இல்லை. பங்குனியில் வேலை குறைகிறது, அங்கொன்று இங்கொன்று. வைகாசியில் மறுபடி சுத்தம். ஆனி பாதியில் சோழகம் தொடங்கிய பக்கத்திலிருந்து திங்கட்கிழமை தோறும் வெள்ளையில் பல்லு விழுந்த மாதிரி. திங்கள் மட்டும். ஞாயிறு கடை பூட்டு.

வேலை ஓடினால் இங்க்கும் ஓடும் என்று ஜனவரியில் நானே எழுதினேன். ஆனாலும் இத்தனை நாளும் மனதுக்குள் நினைத்தது, நிறைய அடித்தால் ஹெட் தேயும், அடிக்காத நாள் அதற்கு ஓய்வு என்று. கொப்பி தலைகீழாகச் சொல்கிறது. எந்த மாதம் மெசினைப் போட்டு முறித்தேனோ அந்த மாதம் அது நன்றாக இருந்திருக்கிறது.

இனி ஞாயிறும் பூசைக்குப் போய்வருகிற வழியில் கடை திறந்து கைப்பிடி அகலத் துண்டு ஒன்று அடிப்பேன், எல்லா நிறமும் வெள்ளையும் பட்டையாக. சும்மா பட்டை ஏன் என்று மகளின் பெயரைப் போட்டேன். இப்போது அவளுடைய புத்தகப்பை, தண்ணிப்போத்தல் உறை, குடை எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது.

ஓகஸ்ட் 25

நல்லூர்த் தேருக்குப் போய் மாமி வீட்டில் ஐந்து நாள் நின்றுவிட்டேன். மச்சானிடம் திறப்பைக் கொடுத்து, “காலையில் ஒரு துண்டு அடி, இரவில் கப்பில் லோஷன் விடு” என்று சொல்லியிருந்தேன். லோஷன் விட்டிருக்கிறார். துண்டு அடிக்கவில்லை, “வீணாக ஏன் இங்க் செலவழிப்பான்” என்று. அதற்குப் பதிலாக நாளுக்கு மூன்று ஹெட் கிளீனிங். பட்டன் சுகம்தானே.

வேஸ்ட் போத்தல் நிறைந்து அடித்தட்டில் வழிந்திருந்தது. வழிந்த இங்க்கில் எத்தனை துண்டு அடித்திருக்கலாம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, குடும்பம் வேண்டும். வெள்ளையில் 23 கோடு இல்லை. இரண்டு நாள் ஊற வைத்து 4க்கு இறக்கியிருக்கிறேன்.

இனி ஒரு கிழமைக்கு மேல் போனால் வெள்ளையை முழுதாக வெளியே எடுத்து, வரிசையில் லோஷன் நிரப்பிவிட்டுத்தான் போவேன். இங்க் கொஞ்சம் நட்டம். ஆனால் மச்சான் தேவையில்லை.

ஒக்டோபர் 26

ஜூன் 22க்குத் திருத்தம், இரண்டு.

மழை தொடங்கி நாலு நாள். ஈரப்பத மீற்றர் 86. பவுடர் வெறும் பிலிமில் ஒட்டுகிறது. நான் உடனே மின் ஏறுகிறது என்று பேசினை வைத்தேன். இன்னும் மோசம். மழை கொட்டும்போது கடைக்குள் பேசினில் தண்ணீர் வைத்தவன் புதுக்குடியிருப்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்போது ஒட்டுவது ஈரத்தால். பவுடரும் கட்டி, பிலிமும் நமுத்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கையால் தொட்டால் தெரியும்: சோழகத்தில் ஒட்டுவது ஊதினால் பறக்கும், மழையில் ஒட்டுவது ஊதினாலும் அசையாது.

இரண்டாவது, ஏசி பற்றி. அன்று அவரை மறுத்தேன். இன்று பக்கத்துக் கொமினிக்கேஷன் கடையின் ஏசி அறையில் பிலிம் சுருளை இரண்டு மணித்தியாலம் வைத்து எடுத்துவந்தேன், பவுடர் உதிர்ந்தது. ஏசி காற்றை உலர்த்தும் என்று அன்று குறையாகச் சொன்னதே இன்று மருந்து. அவர் இன்னும் இந்த இழையைப் படிக்கிறாரா தெரியாது. மன்னிக்கவும் அண்ணை.

ஏசி இல்லாதவர்கள்: பவுடரை மூடி இறுகிய வாளியில், அரிசிக்குள் அல்ல, சிலிக்கா ஜெல் பைகளோடு. அரிசி போட்டவர் கிளிநொச்சித் தம்பி. ரீசேர்ட்டில் ஒரு குருணல் பிரஸ்ஸாகி, அந்த வாடிக்கையாளர் அதை டிசைன் என்று நினைத்திருக்கிறார்.

நவம்பர் 2

பவுடர் அடுப்பை மெசினுக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் உடனே எடுங்கள். அதன் புகை எண்ணெய்ப் பிசுக்கு, மழைக்குக் கதவைச் சாத்தி வைத்தால் மெசினின் தண்டில் படியும், பவுடரும் பறந்து கப்பில் விழும். நெஞ்சுக்கும் கூடாது. என்னுடையது பின்விறாந்தையில்.

நவம்பர் 9

வேஸ்ட் ரியூப்புக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. மெயின் போர்டில் பல்லி முட்டை மூன்று. இதற்கு எந்தக் கொம்பனியின் புத்தகத்திலும் பக்கம் இல்லை. ரியூப்பின் முனையை லோஷன் விட்ட போத்தலுக்குள் அமிழ்த்தி வைத்தேன். முட்டையை மகள் எடுத்துத் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

நவம்பர் 16

மல்லாவித் தம்பி பத்து மாதம் கழித்து எழுதியிருக்கிறார். வேலை குறைந்ததும் வெள்ளை நின்றதாம், கப் மாற்றினாராம், இப்போது அவரும் ஒரு சிஆர் கொப்பி வாங்கியிருக்கிறார். முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கறுப்புக் கடதாசி, திகதி, எல்லாம் ஒழுங்கு. வெள்ளையில் 11 கோடு இல்லை.

“பட்டனை அமத்தினீரோ?” என்று கேட்டேன்.

“ஒருக்காத்தான் அண்ணை.”

கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. “காலமை ஒருக்கா. பின்னேரமும் ஒருக்கா.”